கயாக்கில் லேசான தூண்டில்: ஜிக் ஹெட் தேர்ந்தெடுக்கும் முறை

தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தை வார்த்தால் அதுதான் ஜிக் ஹெட். அதில் ரப்பர் மீனைக் கோத்து எறிகிறோம். ராடுக்கும் ரீலுக்கும் மாதக்கணக்கில் விலை விசாரிப்பவர்கள்கூட ஜிக் ஹெட் என்று வரும்போது கைக்குக் கிடைத்த பொட்டலத்தை எடுத்துவிடுகிறார்கள். ரப்பர் மீன் எந்த ஆழத்தில் நீந்தும், எவ்வளவு வேகமாக இறங்கும், கடித்த மீன் மாட்டுமா மாட்டாதா என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்தச் சின்ன ஈயத் துண்டுதான்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில், கழிமுகங்களிலும் கரையோரக் கடலிலும் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் மீன் பிடிக்கத் தொடங்குபவர்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். கழிமுகத்தில் கொடுவா, செப்பிலி, காலா. வெளியே கடலில் பாறை மீன், கலவா, சீலா. இவற்றுக்கு ஆறரை முதல் ஏழு அடி நீளமும் 5–20 கிராம் எறியும் திறனும் கொண்ட ராட், 2500 அல்லது 3000 அளவு ரீல், பி.இ. 0.8 முதல் 1.2 வரையிலான (பி.இ. என்பது பின்னல் நரம்பின் தடிமன் எண்) பின்னல் நரம்பு, நுனியில் லீடராக, அதாவது உரசலைத் தாங்கும் முன்நரம்பாக, 20–30 பவுண்டு ஃப்ளூரோகார்பன் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கீழே சொல்லும் எடைகள் எல்லாம் இந்த அமைப்புக்கானவை. தடித்த நைலான் நரம்பு போட்டிருந்தால் அதே ஆழத்துக்கு ஒரு படி கனமான தலை வேண்டும். பி.இ. 1 நரம்பின் தடிமன் 0.165 மி.மீ.தான். அதே சுமையைத் தாங்கும் நைலான் ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிமனாக இருக்கும். தடிமன் கூடக்கூட நீர் நரம்பைப் பிடித்து இழுப்பதும் கூடும்.

முதலில் எடை

எந்த மீன் என்று பார்த்து எடையை முடிவு செய்யாதீர்கள். ஒரே கொடுவா ஒன்றரை மீட்டர் கழியிலும் இருக்கும், ஆறு மீட்டர் பாலத்தடியிலும் இருக்கும். ஆழத்தையும் ஓட்டத்தையும் பார்த்து, தரையைத் தொட்டது கையில் தெரிகிற மிக லேசான தலையை எடுங்கள். ஜிக் ஹெட் மீன்பிடியில் பெரும்பாலான கடி, ரப்பர் மீன் கீழே இறங்கும்போதுதான் விழும். லேசான தலை மெதுவாக இறங்கும், மீனுக்குப் பார்த்து வந்து கவ்வ நேரம் கிடைக்கும். அளவுக்கு மேல் கனமான தலை நேராகத் தரையில் போய்க் குத்தும், சிப்பியிலும் கல்லிலும் சிக்கும்.

தொடங்குவதற்கான அளவுகள்:

- 1–2 மீட்டர் ஆழம், ஓட்டம் குறைவான கழி: 3.5 முதல் 5 கிராம்
- 2–4 மீட்டர், முகத்துவாரம், பாலத்தடி: 7 முதல் 10 கிராம்
- 4–8 மீட்டர், கரையோரக் கடல்: 10 முதல் 14 கிராம்
- 8–15 மீட்டர்: 14 முதல் 21 கிராம்

15 மீட்டரைத் தாண்டினால் 28 கிராமும் அதற்கு மேலும் தேவைப்படும். அது லேசான தூண்டிலின் வேலை இல்லை. அங்கே ஜிக் எனப்படும் கனமான உலோக இரையும் அதற்கேற்ற ராடும் எடுத்துப் போவது நல்லது.

பொட்டலத்தில் அவுன்ஸ் போட்டிருந்தால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்: 1/8 அவுன்ஸ் 3.5 கிராம், 1/4 என்றால் 7, 3/8 என்றால் 10.5, 1/2 என்றால் 14, 3/4 என்றால் 21, 1 அவுன்ஸ் 28 கிராம். பொதுவாக இது ஈயத்தலையின் எடை மட்டும்தான். நான்கு அங்குல ரப்பர் மீன் ஒன்று 8 கிராம் வரை இருக்கும். அதை 14 கிராம் தலையில் கோத்தால் மொத்தம் 22 கிராம், அதாவது 20 கிராம் ராடின் எல்லை தாண்டிவிட்டது. மெதுவாக வீசினால் தாங்கும். ஓங்கி அடித்து எறிந்தால் நுனி உடையலாம். 21 கிராம் தலையை எறியவே வேண்டாம், கயாக்கின் பக்கத்திலேயே நேராக இறக்குங்கள். சமையலறை டிஜிட்டல் தராசில் ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்துப் பெட்டியின் மூடியில் எழுதிவைத்தால் இந்தக் குழப்பம் வராது.

காற்றும் ஓட்டமும்: கயாக்குக்கு மட்டும் உள்ள கணக்கு

கரையில் நின்று எறிபவர் நிற்கும் இடம் நகராது. கயாக்கில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடமே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆழ அட்டவணையைப் பார்த்துச் சரியான எடை போட்டும் தரை தெரியவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

நீரோட்டம் கயாக்கையும் இழுக்கும், ரப்பர் மீனையும் இழுக்கும். இரண்டும் சேர்ந்தே போவதால் நரம்பு ஏறக்குறைய நேராக நிற்கும். ஓட்டம் வேகமாக இருந்தாலும் லேசான தலையே தரைக்குப் போய்விடும். காற்றின் வேலை வேறு. அது நீருக்கு மேலே இருக்கும் உங்களையும் கயாக்கையும் தள்ளும், நீருக்குள் இருக்கும் ஜிக் ஹெட்டை ஒன்றும் செய்யாது. கயாக் முன்னே போக, நரம்பு சாய்ந்து, ரப்பர் மீன் மேலே தூக்கப்படும். ஆக, எடையைக் கூட்ட வைப்பது பெரும்பாலும் காற்றுதான்.

இன்னொரு நிலையும் உண்டு. காற்று ஒரு பக்கம், ஓட்டம் எதிர்ப்பக்கம் என்று இருக்கும்போது ஜி.பி.எஸ். கருவி வேகம் பூஜ்யம் என்று காட்டும். கயாக் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். ஆனால் உங்களுக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, ஜிக் ஹெட் அதோடு போய்விடும். அதனால் கருவியை விட நரம்பின் சாய்வை நம்புங்கள்.

சாய்வைப் பார்க்கும் முறை இது. தலையைக் கயாக்கின் பக்கத்தில் தரை தொடும்வரை இறக்குங்கள். நரம்பு நீரில் இறங்கும் கோணத்தைக் கவனியுங்கள். 45 பாகைக்கு மேல் சாய்ந்தால் ஒரு படி கனமான தலைக்கு மாறுங்கள். அந்தச் சாய்வில் 10 மீட்டர் ஆழத்துக்கு 14 மீட்டர் நரம்பு வெளியே போயிருக்கும். அதற்கு மேல் சாய்ந்தால் நரம்பு வளைந்து தொய்வு விழும், மெல்லிய கடி கைக்கு வந்து சேராது.

எடையைக் கூட்டும் முன் எறியும் திசையை மாற்றிப் பாருங்கள். கயாக் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே, முன்னால் எறிய வேண்டும். மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் நகரும் கயாக் 12 நொடியில் ஆறேழு மீட்டர் போய்விடும். 15 மீட்டர் முன்னால் எறிந்தால், தலை தரை தொடும் நேரத்தில் நீங்கள் அதற்குப் பாதி தூரம் நெருங்கியிருப்பீர்கள். அதற்குள் நரம்பு தளர்ந்தே இருக்கும், தலை தடையில்லாமல் இறங்கும். தொய்வை மட்டும் சுற்றி எடுத்துக்கொண்டே வந்தால் போதும். பின்பக்கம் எறிந்தால் நேர் எதிராக நடக்கும். தரைக்குப் போகும் முன்பே கயாக் நரம்பை இழுத்து மேலே தூக்கிவிடும்.

காற்று அதிகமென்றால் 45–60 செ.மீ. வாய் கொண்ட நீர்க்குடை ஒன்றை, அதாவது நீருக்குள் குடை போல விரிந்து கயாக்கைப் பிடித்து இழுக்கும் துணிப் பையை, விடலாம். அது நகர்வைக் குறைக்கும், நீங்களும் லேசான தலையிலேயே தொடரலாம். அதைக் கயாக்கின் முனையிலோ வாலிலோதான் கட்ட வேண்டும். நடுப்பக்கத்தில் கட்டினால் ஓட்டம் இழுக்கும்போது கயாக் கவிழும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு போடுங்கள்.

எடையோடு சேர்ந்த ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரையில் காலை வேளைகளில் மேல்காற்று வீசும். அது கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும் காற்று. கரையோரம் தண்ணீர் தட்டையாக இருப்பதால் ஆபத்து தெரியாது. காலையில் 10 கிராம் தலை நேராக இறங்கிய அதே ஆழத்தில் திடீரென்று 14 கிராமும் சாய்கிறது என்றால் காற்று ஏறிவிட்டது என்று பொருள். 21 கிராமைத் தேடாதீர்கள், கரைக்குத் துடுப்புப் போடுங்கள். உயிர்காப்பு அங்கி எந்த நாளிலும் உடம்பில் இருக்க வேண்டும், கயாக்கின் பின்னால் கட்டிவைத்தால் பயனில்லை.

எண்ணிப் பார்ப்பது

ஆழமானி இல்லாதவருக்கும் இது கைகொடுக்கும். எறிந்து, தலை நீரைத் தொட்டதும் நொடிகளை எண்ணுங்கள். நரம்பு தளர்ந்தால் தரை. ஒரு மீட்டருக்கு இரண்டு முதல் மூன்று நொடி எடுத்தால் எடை சரி. 4 மீட்டர் ஆழத்தில் 8 முதல் 12 நொடி. ஐந்து நொடியிலேயே தரை வந்துவிட்டால் ஒரு படி குறையுங்கள். பதினைந்தைத் தாண்டியும் தெரியவில்லை என்றால் ஒரு படி கூட்டுங்கள்.

முகத்துவாரத்தில் இந்த எண்ணிக்கை ஓதத்தோடு மாறும். ஏற்றமும் வற்றமும் மாறும் தேக்க நேரத்தில் 5 கிராம் போதும் என்கிற அதே இடத்தில், கயாக்கை நங்கூரமிட்டோ கட்டியோ நிறுத்தியிருந்தால், பாதி வற்றத்தில் 10 கிராம் கேட்கும். கயாக் நிற்பதால் ஓட்டம் முழுதும் ஜிக் ஹெட்டின் மேல்தான் விழும், அதனால் இன்னும் கூடத் தேவைப்படலாம். முட்டுக்காடு போல வெயில் மாதங்களில் மணல் திட்டு வாயை அடைத்துக்கொள்ளும் கழிமுகங்களில், வாய் மூடியிருக்கும்போது ஓதத்தின் ஓட்டமே இருக்காது. அப்போது 3.5 கிராமுக்கு மேல் எடுக்க வேண்டிய தேவை அரிது.

அடுத்து முள்

முள்ளுக்கு மூன்று அளவு உண்டு: நீளம், வாய் அகலம், கம்பித் தடிமன்.

நீளத்துக்கு ஜிக் ஹெட்டை ரப்பர் மீனின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முள்ளின் வளைவு மீனின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிய இடத்தில் வர வேண்டும். பாதியைத் தாண்டினால் வால் அடிக்காமல் விறைத்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்தால் வாலைக் கடித்த மீன் மாட்டாது. இரண்டரை, மூன்று அங்குல ரப்பருக்கு 1/0 அல்லது 2/0 எண் முள், நான்கு அங்குலத்துக்கு 3/0 அல்லது 4/0, ஐந்து அங்குலத்துக்கு 5/0 என்று தொடங்கலாம். ஆனால் ஒரு நிறுவனத்தின் 3/0 இன்னொரு நிறுவனத்தின் 2/0 அளவுக்கே இருக்கும். அதனால் கடைக்குப் போகும்போது ரப்பர் மீனைக் கையோடு கொண்டுபோங்கள், எண்ணைப் பார்க்காமல் அளந்து வாங்குங்கள்.

வாய் அகலம் என்பது முள்ளின் தண்டுக்கும் நுனிக்கும் இடையே உள்ள வெளி. ரப்பர் மீனின் முதுகுச் சதை அந்த வெளியில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. கொழுத்த உடம்புள்ள ரப்பரைச் சின்ன முள்ளில் கோத்தால், மீன் கவ்வும்போது சதை ஒதுங்க இடமிருக்காது. நுனி தசையில் இறங்காமல் வெளியே வந்துவிடும்.

கம்பித் தடிமன்தான் கயாக்கில் மிகவும் யோசிக்க வேண்டியது. உட்கார்ந்த நிலையில் ராடைத் தூக்கும் தூரம் குறைவு. நீங்கள் இழுக்கும்போது கயாக்கும் மீனை நோக்கி நகர்ந்து, இழுப்பில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். தடித்த முள் ஆழமாக இறங்க அந்த விசை போதாது. அதனால் திறந்த நீரில், பாறை மீனுக்கும் காலாவுக்கும், நடுத்தரக் கம்பியில் ரசாயனமுறையில் கூராக்கிய முள்ளே சிறந்தது. பெரிய மீன் ஓடினால் கயாக்கையும் சேர்த்து இழுத்துப் போகும், அதனால் முள்ளின் மேல் விழும் சுமையும் தணியும். நடுத்தரக் கம்பி பிழைத்துக்கொள்ளும்.

செப்பிலிக்கும் கலவாவுக்கும் இது பொருந்தாது. அவை கடித்த வேகத்தில் வேர்களுக்குள்ளும் கல்லிடுக்கிலும் நுழைந்துவிடும். டிராகை (ரீலிலிருந்து நரம்பு வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் பிடியை) இறுக்கி உடனே நிறுத்த வேண்டியிருக்கும், மெல்லிய முள் நிமிர்ந்துவிடும். அங்கே 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் என்று குறித்த தடித்த கம்பி வேண்டும். டிராகை நரம்பின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வையுங்கள். 15 பவுண்டு நரம்பு என்றால் ஏறக்குறைய 1.7 முதல் 2.3 கிலோ. பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் நரம்பைக் கட்டி இழுத்துப் பார்த்தால் சரியாகத் தெரிந்துவிடும். அதே சோதனையில் முள் விரிகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

கூர்மையைக் கட்டைவிரல் நகத்தில் சோதியுங்கள். நுனியை நகத்தில் லேசாக வைத்து நகர்த்தும்போது வழுக்கினால் மழுங்கிவிட்டது, பிடித்து நின்றால் கூர்மை. சிப்பியிலோ கல்லிலோ ஒருமுறை சிக்கி வந்தாலும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முனையை இடுக்கியால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். கயாக்கில் மீன் உங்கள் தொடைக்கு நடுவில்தான் துள்ளும். முள் கையில் ஏறினால் உடனே வெளியே எடுக்க முடிய வேண்டும். மும்முள் தொங்கும் லூர்களை (போலி இரைகளை) விட ஒற்றை முள் ஜிக் ஹெட் தொடக்கக்காரருக்கு நல்லது என்று சொல்வதற்கும் இதுவே முதல் காரணம்.

வடிவம்

இதில் அதிகம் குழம்ப வேண்டாம். உருண்டைத் தலை எல்லா இடத்துக்கும் பொருந்தும், முதல் வருடம் அதிலேயே ஓட்டலாம். கூம்பு போலக் கூர்ந்த தலை ஓட்டத்தை வெட்டிக்கொண்டு இறங்கும், முகத்துவாரத்துக்கு நல்லது. தரையில் நிமிர்ந்து நிற்கும் தட்டை அடித்தலை, மணல் தரையில் மெதுவாக இழுப்பதற்கு.

தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பாசியிலும் வேரிலும் சிக்காத வகை. இதில் ஈயம் முள்ளின் வயிற்றுப் பகுதியில் இருக்கும், மூக்கில் ஒரு சுருள் கம்பி இருக்கும், நுனி ரப்பரின் முதுகுக்குள் மறைந்திருக்கும். அலையாத்தி வேர்களுக்கு அருகிலும், பாக் நீரிணையின் கடற்புல் படுகைகளிலும் திறந்த முள்ளை எறிந்தால் ஒவ்வொரு முறையும் புல்லோடுதான் திரும்பும். அங்கே இந்த வகைதான். ஆனால் மறைந்த நுனி வெளியே வந்து குத்த வேண்டியிருப்பதால் கடித்ததும் இழுக்காமல், கனம் தெரிந்த பிறகு ராடை உறுதியாகத் தூக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் மீன் பிடிக்கத் தடை இருக்கிறது, அந்தப் பக்கம் கயாக்கை விடாதீர்கள்.

தலையின் நிறத்துக்காகப் பணம் செலவழிக்காதீர்கள். வண்ணம் பூசாத ஈயமே போதும்.

கோக்கும் முறை

1. ஜிக் ஹெட்டை ரப்பர் மீனின் மேல் வைத்து, வளைவு வரும் இடத்தில் நகத்தால் ஒரு குறி போடுங்கள்.
2. நுனியை மூக்கின் சரியான நடுவில் குத்தி, உடம்பின் நடுவிலேயே தள்ளிக்கொண்டு போங்கள்.
3. குறி வந்ததும் முதுகின் நடுக்கோட்டில் நுனியை வெளியே எடுங்கள்.
4. ரப்பரைத் தலைவரை ஏற்றி, தலைக்குப் பின்னால் ரப்பரைப் பிடித்துக்கொள்ளும் பிடிமுள்ளில் மாட்டுங்கள். மாட்டும் முன் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் மூக்கு கழன்று வராது.
5. கயாக்கின் பக்கத்தில் நீரில் ஒரு மீட்டர் இழுத்துப் பாருங்கள். ரப்பர் நேராக நீந்த வேண்டும், சுழலக் கூடாது.

சுழன்றால் ஏதோ ஓரத்தில் கோணலாக ஏறியிருக்கிறது. கழற்றி மறுபடி கோத்துப் பாருங்கள். சுழலும் ரப்பரை மீன் தொடாது, லீடரும் முறுக்கிக்கொள்ளும். இசட்-மேன் நிறுவனத்தின் எலாஸ்டெக் வகை ரப்பர் இழுபடும் தன்மை உள்ளது. சாதாரணப் பிடிமுள்ளில் ஏற்றும்போது ரப்பரைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து ஏற்ற வேண்டும். அதைப் பிற ரப்பர் மீன்களோடு ஒரே பையில் போட்டால் இரண்டும் வேதிவினையால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

லீடரை ஜிக் ஹெட்டில் வளைய முடிச்சாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் 3.5, 5 கிராம் தலைகள் விறைப்பாக இறங்கும், வளையத்தில் தாராளமாக ஆடும். நேராக இறக்கும் 21 கிராமுக்கு இறுக்கமான முடிச்சும் சரிதான்.

சரியாக வராதபோது

கடி தெரிகிறது, மீன் மாட்டவில்லை: முதலில் வாலைப் பாருங்கள். அரைவட்டமாகச் சுத்தமாக வெட்டியிருந்தால் அது பேத்தையின் வேலை. முள்ளை மாற்றிப் பயனில்லை, இடத்தை மாற்றுங்கள். வாலில் பல் கீறல் மட்டும் இருந்தால் ரப்பரை ஓர் அங்குலம் சின்னதாக்குங்கள், அல்லது தண்டு நீளமான முள்ளுக்கு மாறுங்கள்.

லீடரோடு வெட்டிக்கொண்டு போகிறது: சீலா அல்லது வஞ்சிரம். 15 செ.மீ. மெல்லிய எஃகு கம்பியைச் சேருங்கள். கம்பியின் எடை சேர்வதால் 5 கிராம் தலையின் ஆட்டம் கெடும், 10 கிராமிலிருந்து தொடங்குங்கள். லீடர் அறுந்த இடம் சொரசொரப்பாக, நார் நாராக இருந்தால் அது பல் அல்ல, கொடுவாவின் செவுள் மூடியோ சிப்பியோ உரசியது. அதற்கு 40 பவுண்டு லீடரே போதும். அந்தச் செவுள் மூடி கத்தி போல வெட்டும், கொடுவாவைத் தூக்கும்போது அங்கே விரலை வைக்காதீர்கள்.

மீன் மாட்டி, கயாக்கின் அருகே வந்து கழன்றுவிடுகிறது: முள் மழுங்கியிருக்கலாம், அல்லது உங்கள் டிராக்குக்குக் கம்பி தடிமன் அதிகம். கழன்ற முள் கொஞ்சம் விரிந்திருந்தால் கம்பி மெல்லியது. இடுக்கியால் வளைத்துச் சரிசெய்து மறுபடி கட்டாதீர்கள், ஒருமுறை விரிந்த இடம் அடுத்த முறை உடையும்.

எறிந்த ஒவ்வொரு முறையும் சிக்குகிறது: எடை ஒரு படி அதிகம், அல்லது தரை தொட்ட பிறகு தாமதமாகத் தூக்குகிறீர்கள். முதலில் எடையைக் குறையுங்கள்.

முதல் பெட்டி

பலவகை கலந்த பொட்டலம் வாங்காதீர்கள். அதில் தேவைப்படும் எடை இரண்டுதான் இருக்கும், அவை முதல் நாளே அறுந்துபோகும். 3/0 முள்ளில் உருண்டைத் தலையாக 5 கிராம் ஐந்து, 7 கிராம் பத்து, 10 கிராம் பத்து, 14 கிராம் ஐந்து. இவற்றுக்கு நான்கு அங்குலத் துடுப்பு வால் ரப்பர் ஒரே வகையில் இரண்டு பொட்டலம். சிக்காத வகை, வயிற்றில் 5 அல்லது 7 கிராம் ஈயத்தோடு, நான்கு. ரப்பர் ஒன்றாக இருந்தால்தான் எடை மாறும்போது என்ன மாறுகிறது என்று கைக்குத் தெரியும்.

நீரில் நனைந்த ஜிக் ஹெட்டைப் பெட்டிக்குள் திருப்பிப் போடாதீர்கள். நனைந்தவற்றுக்குத் தனியாக ஒரு சின்ன டப்பா வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்க உலர்த்திப் பிறகு சேருங்கள். உப்பு ஈரத்தோடு ஒன்று உள்ளே போனாலும் ஒரு வாரத்தில் அந்தக் கட்டத்தில் உள்ள எல்லா முள்ளும் துரு பிடிக்கும். ஈயத்தைப் பல்லால் கடிக்கக் கூடாது. கயாக்கில் சாப்பிடுவதற்கு முன் கையைக் கழுவ ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் தனியாக இருக்கட்டும்.